மிச்சம் எங்கே போகிறது?

சென்ற பொங்கலுக்கு என் அண்ணன் மகளுக்கு ஒரு சிவப்பு டீ-ஷர்ட் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அவளே அதைத் துவைக்கப் போட்டிருக்கிறாள். நான் அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். “அத்தை, சீக்கிரம் வாங்க, சாயம் போகுது!” என்று ஒரே சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் வாளித் தண்ணீர் முழுக்க ரோஜாப்பூ நிறம்.

“முதல் தண்ணிக்கு அப்படித்தான் கண்ணு. கொஞ்சம் கல்லுப்பு போட்டு ஊற வை” என்றேன்.

அவள் வாளியைச் சாய்த்து ஊற்றினாள். சிவப்புத் தண்ணீர் சாக்கடைக்குள் போய் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கேட்டாள்: “ஒரு சட்டையிலேயே மிச்சச் சாயம் இவ்வளவு போகுதே. இதைச் செஞ்ச ஊர்ல எவ்வளவு போயிருக்கும்? அதெல்லாம் எங்க போச்சு அத்தை?”

கழுத்துப் பட்டியைப் பார்த்தேன். திருப்பூர் என்று போட்டிருந்தது. அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அன்று மாலை முழுக்க அவளிடம் பேசியதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கல்லுப்பு. சாயப்பட்டறையிலும் மூட்டை மூட்டையாக உப்பு போடுவார்கள். பருத்தி நூல் தண்ணீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பு எதிர் மின்னேற்றம் கொள்ளும். சாயத்தின் மூலக்கூறுகளுக்கும் எதிர் மின்னேற்றம்தான். காந்தத்தின் ஒரே முனைகளை நெருக்கினால் விலகுமே, அப்படி நூலும் சாயமும் ஒன்றையொன்று தள்ளும். உப்பு கரைந்தால் அதிலுள்ள சோடியம் அயனிகள் நேர் மின்னேற்றத்தோடு வந்து நடுவில் நின்று அந்தச் சண்டையைத் தணிக்கின்றன. அதன்பிறகு சாயம் நூலுக்குள் இறங்குகிறது. ஆனால் போட்ட சாயம் முழுவதும் துணியில் ஒட்டுவதில்லை. உப்போ கொஞ்சம்கூடத் துணியில் தங்குவதில்லை, வேலை முடிந்ததும் தண்ணீரிலேயே இருக்கும். ஒரு கிலோ துணிக்குச் சாயம் ஏற்றி அலசப் பல வாளித் தண்ணீர் வேண்டும். அத்தனையும் உப்போடும் நிறத்தோடும் வெளியே வந்தாக வேண்டும்.

திருப்பூர் வழியாக நொய்யல் என்று ஓர் ஆறு ஓடுகிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் ஆறு. பல ஆண்டுகள் சாயத் தண்ணீர் அந்த ஆற்றில்தான் போய் விழுந்தது. ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் நொய்யலின் குறுக்கே ஓர் அணை கட்டினார்கள். வயலுக்குத் தண்ணீர் விடத்தான் கட்டினார்கள். அதில் தேங்கியது சாயக் கழிவு. உப்பேறிய தண்ணீரை வயலுக்கு விட்டால் பயிர் கருகும், கிணறும் கெடும். விவசாயிகளே அணையிலிருந்து தண்ணீர் விடாதீர்கள் என்று சொல்லும் நிலை வந்தது. அணை கட்டியவர்களிடம் தண்ணீர் வேண்டாம் என்று உழவர்கள் சொல்ல வேண்டி வந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கனக்கிறது.

உழவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் கண்டிப்பான உத்தரவு போட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடாத ஏற்பாடு செய்யும்வரை சாயப்பட்டறைகளை மூட வேண்டும். 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. பல்லாயிரம் பேருக்கு வேலை நின்றது. அதுவும் பெரிய வலிதான்.

“ஒரு சொட்டுகூட விடக்கூடாதுன்னா எப்படி அத்தை? தண்ணியை எங்க வைப்பாங்க?”

வைக்க மாட்டார்கள், திரும்பப் பயன்படுத்துவார்கள். திருப்பூரில் இதை ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ என்பார்கள். பல பட்டறைகள் சேர்ந்து ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்கும். அங்கே முதலில் பாக்டீரியாக்களுக்கு விருந்து. தண்ணீரில் உள்ள கரிமக் கழிவை அவை தின்று தீர்க்கும். பிறகு வடிகட்டல். அதற்குப் பிறகுதான் உப்பைப் பிரிக்கும் கடினமான வேலை.

உலர்திராட்சையைத் தண்ணீரில் போட்டால் உப்புகிறதல்லவா? வெளியிலுள்ள நல்ல தண்ணீர் தோல் வழியாக உள்ளே, சர்க்கரை அதிகமுள்ள பக்கத்துக்குப் போகிறது. இது சவ்வூடு பரவல். இதைத் தலைகீழாக்கினால்? உப்புத் தண்ணீரைப் பெரிய அழுத்தத்தோடு ஒரு மெல்லிய சவ்வின்மேல் மோதவிட்டால், தண்ணீர் மட்டும் அந்தப் பக்கம் போகும், உப்பு இந்தப் பக்கம் நின்றுவிடும். உங்கள் வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்துக்குள் நடப்பதும் இதுதான். நின்றுபோன அடர்ந்த உப்புநீரைக் கொதிகலன்களில் ஆவியாக்குவார்கள். அழுத்தத்தைக் குறைத்து வைத்திருப்பதால் அங்கே தண்ணீர் 100 டிகிரிக்கும் கீழேயே கொதிக்கும். ஆவி குளிர்ந்து நல்ல தண்ணீராகும், உப்பு படிகமாகும். இப்படித் தண்ணீரில் 90 விழுக்காட்டுக்கு மேல் மீட்டு, அதே பட்டறைக்கே அனுப்புகிறார்கள். உப்பின் பெரும்பகுதியும் அடுத்த சாயத் தொட்டிக்கே திரும்புகிறது.

அப்படியும் ஒரு மிச்சம் இருக்கிறது. பல உப்புகள் கலந்து, பிரிக்க முடியாமல் போன கலப்பு உப்பும், சேறு மாதிரியான கசடும். கசடில் ஒரு பகுதியைச் சிமெண்ட் ஆலைகளின் சூளைக்கு அனுப்பலாம். கலப்பு உப்பு இன்னும் முழுதாகத் தீராத கணக்குதான். ஆனாலும் ஆறு நிறைய ஓடிய கழிவை மூட்டையில் கட்டும் அளவுக்குச் சுருக்கியிருக்கிறார்கள். இதைச் சின்ன வேலை என்று நான் நினைக்கவில்லை.

தூய தொழில்நுட்பம் என்று பெரியவர்கள் சொல்வதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். ஒரு பொருளைச் செய்யும்போது என்ன மிஞ்சுகிறது, அது எங்கே போகிறது, அதைத் திருப்பி உள்ளே கொண்டுவர முடியுமா என்று கடைசிவரை துரத்திப் பார்ப்பது. பாடப்புத்தகத்தில் ‘நிலையான வளர்ச்சி’ என்று படிக்கிறீர்களே, அதற்கும் இந்தத் துரத்தல் இல்லாமல் வழியில்லை.

அவள் விடவில்லை. “அவ்வளவு தண்ணியைத் தள்ளவும் கொதிக்க வைக்கவும் கரண்ட் வேணுமே?”

வேண்டும், நிறைய வேண்டும். அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் ஆற்றைச் சுத்தம் செய்து வானத்தை அழுக்காக்கியது போலாகிவிடும். நிலக்கரி எரிந்தால் என்ன மிஞ்சும்? சாம்பல் தெரியும். நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரை சாம்பல்தான். அதைச் சிமெண்டிலும் செங்கல்லிலும் சேர்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத மிச்சம் ஒன்று புகைபோக்கி வழியாகப் போகிறது, கார்பன் டை ஆக்ஸைடு. 1 கிலோ கார்பன் எரிந்தால் எத்தனை கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வரும் என்று அவளைக் கேட்டேன். “ஒரு கிலோவுக்குக் கம்மியாத்தான் இருக்கும்” என்றாள். 3.67 கிலோ! கார்பன் அணுவின் நிறை 12. அது காற்றிலிருந்து 16 நிறையுள்ள ஆக்சிஜன் அணுக்கள் இரண்டைப் பிடித்துக்கொள்கிறது. மொத்தம் 44. நாற்பத்து நான்கைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். போட்டதைவிட மூன்றரை மடங்குக்கு மேல் மிஞ்சும் அடுப்பு இது. அந்த வாயு வானில் தங்கி, பூமியின் வெப்பத்தை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது.

எனவே எரிக்காமல் மின்சாரம் எடுக்க வேண்டும். அதற்குத் தமிழ்நாட்டில் நல்ல இடம் இருக்கிறது. மேற்கு மலைத்தொடர் ஒரு நீண்ட மதில் போல நிற்கிறது. அதில் சில வாசல்கள் உண்டு: பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து வந்து மதிலில் மோதி, இந்த வாசல்களில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிறது. நெருக்கினால் வேகம் கூடும். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் சீறுமே, அப்படி. நாகர்கோவிலுக்குப் பேருந்தில் போகும்போது முப்பந்தல் பக்கம் சன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். காற்றாலைகள் ஒரு காடு போல நிற்கும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் ஊரில் சொன்னவர்களுக்கு இந்தக் காற்றின் பலம் நன்றாகத் தெரிந்திருந்தது.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் எத்தனை மடங்காகும்? எட்டு. 2×2×2. ஒரு நொடியில் வந்து மோதும் காற்றின் அளவும் கூடுகிறது, ஒவ்வொரு துளிக் காற்றின் ஆற்றலும் கூடுகிறது என்பதால் இப்படி. அதனால்தான் வாசல் பார்த்து ஆலை நடுகிறார்கள்.

காற்றின் ஆற்றலை முழுவதும் பிடுங்கிக்கொள்ளவும் முடியாது. பிடுங்கினால் காற்று ஆலைக்குப் பின்னால் அசையாமல் நின்றுவிடும், அடுத்து வரும் காற்றுக்கு வழி இருக்காது. ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கணக்குப் போட்டுச் சொன்னார்: எவ்வளவு திறமையான ஆலையும் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க முடியாது. மிச்சத்தைக் காற்றுக்கே விட்டாக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

1986-இல் தூத்துக்குடிக்கு அருகே வைத்த முதல் காற்றாலைகள் ஒவ்வொன்றும் 55 கிலோவாட். இன்று வைக்கும் ஒரே ஆலை 2,000, 3,000 கிலோவாட் தரும். தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் மொத்தம் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. திருப்பூர் பனியன் தொழில் செய்கிறவர்கள் பலரும் சொந்தமாகக் காற்றாலை வைத்திருக்கிறார்கள். மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை என்ற ஊராட்சி இன்னும் ஒரு படி மேலே போனது. சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊருக்கே வாங்கியது. ஊரின் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. கடனும் அடைந்தது. மிச்சம் வருமானமான கதை இது.

காற்று இல்லாத மாதங்களில்? வெயில் இருக்கிறது. ஒளி பட்டால் மின்சாரம் பிறக்கும் என்று 1839-இல் கண்டவர் எட்மண்ட் பெக்கரெல் என்ற பிரெஞ்சுக்காரர். அப்போது அவருக்கு வயது 19, அப்பாவின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்த பையன். நன்றாக வேலை செய்யும் சிலிக்கான் சூரியக் கலம் 1954-இல்தான் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வந்தது. அதில் விழுந்த ஒளியில் 6 விழுக்காடுதான் மின்சாரமானது. இன்று மொட்டைமாடியில் வைக்கும் பலகைகள் 20 விழுக்காட்டைத் தாண்டிவிட்டன. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய நிலையம் வந்தது. 25 லட்சம் பலகைகள்! அன்றைக்கு ஒரே இடத்தில் அமைந்த நிலையங்களில் உலகிலேயே பெரியது. வறண்ட ஊர் என்று பெயர் வாங்கித் தந்த அதே வெயில்தான் அங்கே விளைச்சலாயிற்று. பலகைமேல் படியும் தூசியைத் துடைக்க ரோபோக்கள் இருக்கின்றன.

இங்கே வேறு வகை மிச்சம் ஒன்று வருகிறது. மின்சாரத்தைக் குடத்தில் பிடித்து வைக்க முடியாது. கம்பியில் ஏற்றிய மின்சாரம் அந்தக் கணமே செலவாக வேண்டும். நம் மின்கம்பிகளில் மின்னோட்டம் நொடிக்கு 50 முறை திசை மாறித் திரும்புகிறது. செலவு கூடி உற்பத்தி குறைந்தால் அந்த 50 இறங்கும், உற்பத்தி கூடினால் ஏறும். இரண்டுமே இயந்திரங்களுக்கு ஆபத்து. இரவும் பகலும் அந்த 50-ஐக் காவல் காக்கிறவர்கள் இருக்கிறார்கள். நண்பகலில் வெயில் கொட்டும், ஆடியில் காற்று கொட்டும். நமக்கோ சாயங்காலம் ஆறரை மணிக்குத்தான் எல்லா விளக்கும் மின்விசிறியும் டிவியும் வேண்டும். மதியம் மிஞ்சியதைச் சாயங்காலம்வரை எங்கே வைப்பது?

ஆனைமலையில் வைக்கலாம். ஆழியாறு அணையைச் சுற்றிப் பார்க்கப் போயிருப்பீர்கள். அதற்கு மேலே மலைக்குள் காடம்பாறை என்ற நிலையம் இருக்கிறது. உயரத்தில் ஒரு நீர்த்தேக்கம், தாழ்வில் ஒரு நீர்த்தேக்கம், நடுவே பாறையைக் குடைந்து நிலத்தடியில் மின்நிலையம். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ்த் தேக்கத் தண்ணீரை மேலே ஏற்றுகிறார்கள். தேவைப்படும் நேரத்தில் திறந்துவிடுகிறார்கள். ஏற்றிய இயந்திரமே எதிர்த் திசையில் சுழன்று மின்சாரம் தருகிறது. திறன் 400 மெகாவாட். 1980-களின் இறுதியிலேயே ஓடத் தொடங்கிய நிலையம் இது. 100 யூனிட் செலவழித்து ஏற்றினால் இம்மாதிரி நிலையங்களில் 75 யூனிட் அளவுதான் திரும்பக் கிடைக்கும். கால் பங்கு போனாலும் பரவாயில்லை. மதியம் வீணாகப் போகும் 100-ஐவிடச் சாயங்காலம் கையில் இருக்கும் 75 எவ்வளவோ மேல்.

டென்மார்க்கில் பால் லா கூர் என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். ஆஸ்கோவ் என்ற ஊரில் 1891-இல் காற்றாலை வைத்து மின்சாரம் எடுத்தார். காற்று நின்றால் என்ன செய்வது என்ற அதே கவலை அவருக்கும் இருந்தது. அந்த மின்சாரத்தைத் தண்ணீருக்குள் செலுத்தி, தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துத் தொட்டிகளில் சேர்த்தார். இரவில் ஹைட்ரஜனை எரித்துப் பள்ளிக்கூடத்துக்கே விளக்கேற்றினார். சில தடவை ஹைட்ரஜனோடு கொஞ்சம் ஆக்சிஜன் கலந்துபோய் வெடித்து, பள்ளியின் சன்னல்கள் உடைந்தன. அவர் சன்னலை மாற்றிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். இன்று தூத்துக்குடியில் ‘பசுமை ஹைட்ரஜன்’ என்று பேசுகிறார்களே, அதற்குத் தாத்தா இந்தப் பள்ளிக்கூட விளக்கு.

பேட்டரி உங்களுக்கே தெரியும். லித்தியம் அயனி பேட்டரிக்காக 2019-இல் மூவர் நோபல் பரிசு பெற்றார்கள். அவர்களில் ஜான் குட்இனஃபுக்கு அப்போது 97 வயது. நோபல் பரிசு பெற்றவர்களிலேயே மூத்தவர் அவர்தான். பெக்கரெலின் 19 வயதையும் இவருடைய 97-ஐயும் அவளிடம் சேர்த்துச் சொன்னேன். “அப்ப எனக்கு நிறைய டைம் இருக்கு” என்றாள்.

பிறகு அவள் கேட்ட கேள்விக்கு நானே கொஞ்சம் படித்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். “காத்தாடி பழசாப் போனா என்ன பண்ணுவாங்க?”

காற்றாலைக்கு ஆயுள் 20, 25 ஆண்டு. கோபுரம் எஃகு, உருக்கலாம். உள்ளே இருக்கும் செம்பையும் எடுத்துவிடலாம். இறக்கைதான் சங்கடம். கண்ணாடி இழையையும் பிசினையும் சேர்த்து இறுகவைத்துச் செய்வது அது. மெழுகை உருக்கி மறுபடி மெழுகுவத்தி செய்யலாம். சுட்ட செங்கல்லைக் கரைத்து மறுபடி களிமண்ணாக்க முடியுமா? இறக்கை செங்கல் ஜாதி. அமெரிக்காவில் பழைய இறக்கைகளைத் துண்டு போட்டு மண்ணில் புதைத்திருக்கிறார்கள். அதன் படத்தைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. தூய்மைக்காக வைத்த ஆலையின் மிச்சத்தை யாரும் முன்கூட்டி நினைத்துப் பார்க்கவில்லையே என்று. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் ஐந்து பழைய இறக்கைகளை வைத்து விக்காடோ என்ற விளையாட்டுத் திடல் கட்டினார்கள். பிள்ளைகள் இறக்கைக்குள் புகுந்து, ஏறி விளையாடுகிறார்கள். அயர்லாந்தில் கார்க் மாவட்டத்தில் 2022-இல் இறக்கைகளால் நடைபாலம் போட்டார்கள். 2021-இல் ஒரு நிறுவனம் புதுவகைப் பிசினால் இறக்கை செய்து காட்டியது. ஆயுள் முடிந்ததும் மென்மையான அமிலத்தில் ஊறவைத்தால் பிசின் கரைந்து இழை தனியே வந்துவிடும். செய்யும்போதே பிரிப்பதற்கும் வழி வைத்துச் செய்த இறக்கை!

சூரியப் பலகையில் எடையில் பெரும்பகுதி கண்ணாடி. அலுமினியச் சட்டமும், சிலிக்கானும், மெல்லிய கோடுகளாக வெள்ளியும் உண்டு. பழைய பலகைகளையும் மின்னணுக் கழிவாகக் கணக்கில் வைத்துக் கையாள வேண்டும் என்று நம் நாட்டின் 2022 விதிகள் சொல்கின்றன.

மிச்சத்தைப் பயனாக்கிய மதுரையின் கதை ஒன்றும் சொல்லிவிடுகிறேன். தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைகளைத் துருவலாக்கி, சூடான ஜல்லிமேல் தூவினார். பிளாஸ்டிக் உருகி, மிட்டாய்க்குச் சர்க்கரைப் பூச்சு போல ஒவ்வொரு கல்லையும் மூடிக்கொண்டது. அதோடு தாரைக் கலந்தால் கெட்டியாகப் பிடிக்கிறது, மழைத் தண்ணீர் எளிதில் உள்ளே இறங்குவதில்லை. 2002 முதல் இப்படிச் சாலைகள் போடுகிறார்கள். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. வண்டி ஓடித் தேயும்போது அந்தப் பிளாஸ்டிக் துகளாக மண்ணில் சேருமா என்றும் தொடர்ந்து சோதிக்க வேண்டும். நல்ல கண்டுபிடிப்பிடமும் இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும்.

இருட்டிவிட்டது. டீ-ஷர்ட் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. திருப்பூர்க் கொதிகலனை மொட்டைமாடியில் செய்து பார்த்தோம். நீங்களும் செய்யுங்கள்.

ஓர் அகலமான பாத்திரத்தில் இரண்டு தம்ளர் தண்ணீர் ஊற்றி, மூன்று கரண்டி உப்பு கரைத்து, பீட்ரூட் சாறு கொஞ்சம் விடுங்கள். நடுவில் ஒரு சின்ன வெறும் தம்ளரை வையுங்கள். தம்ளர் மிதக்காமல் இருக்க உள்ளே ஒரு கழுவிய கல் போடுங்கள். பாத்திரத்தின் வாயைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் கட்டுங்கள். தம்ளருக்கு நேர் மேலே தாளின்மேல் ஒரு கூழாங்கல்லை வையுங்கள், தாள் நடுவில் கொஞ்சம் குழிய வேண்டும். காலையில் வெயிலில் வைத்தால் மதியத்துக்குள் தாளின் அடியில் முத்து முத்தாய்த் துளிகள் கோத்துக்கொண்டு, குழியில் சேர்ந்து, தம்ளருக்குள் ஒவ்வொன்றாய் விழும். சாயங்காலம் திறந்து, தம்ளர் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். பாத்திரத்தை மட்டும் இன்னும் சில நாள் திறந்தபடி வெயிலில் விட்டு வையுங்கள்.

எங்கள் தம்ளரில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தெளிந்த தண்ணீர் சேர்ந்திருந்தது. நான்காம் நாள் பாத்திரத்தின் அடியில் சிவப்பும் பழுப்புமாய் உப்புப் பொருக்கு. அவள் அதை நகத்தால் சுரண்டிக் காகிதத்தில் மடித்தாள். தராசு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே மாடிப்படி இறங்கினாள்.